ஃப்ளின் ஃப்ளான் பாம்பர்ஸ்: ஒரு சுரங்க ஊரும் அதன் ஜூனியர் ஹாக்கி அணியும்

வடக்குக்காற்று:

கிரிக்கெட் இழைகளுக்கு நடுவில் இதற்கும் ஒரு மூலை கிடைக்கட்டும் என்று திறக்கிறேன். கனடாவில் மனிடோபா மாகாணத்தின் மேற்கு எல்லையில், சஸ்காச்சுவான் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிற ஊர் ஃப்ளின் ஃப்ளான். இன்றைய ஜனத்தொகை ஏறத்தாழ 5,000. செழிப்பாக இருந்த காலத்திலேயே பத்தாயிரத்துச் சொச்சம்தான். வின்னிபெக்கிலிருந்து காரில் கிளம்பினால் போய்ச் சேர ஒரு பகல் போய்விடும். ஊர் முழுக்கப் பாறை. குழாய் பதிக்கத் தோண்ட முடியாததால் சாக்கடைக் குழாய்களைத் தரைக்கு மேலேயே மரப்பெட்டிக்குள் வைத்து ஓட்டினார்கள், ஜனங்கள் அந்தப் பெட்டி மேலேயே நடைபாதை மாதிரி நடந்து போனார்கள்.

அப்படிப்பட்ட ஊரின் அணி 1957ல் மெமோரியல் கோப்பையை ஜெயித்தது. ஜூனியர் ஹாக்கியில், அதாவது இருபது வயது வரையிலான பையன்கள் ஆடும் ஐஸ் ஹாக்கியில், நாட்டுக்கே ஒரு கோப்பை என்றால் அது இதுதான். இறுதித் தொடரில் எதிரே நின்றது ஒட்டாவா கனடியன்ஸ். மாண்ட்ரியல் கனடியன்ஸ் கிளப் தன் எதிர்கால ஆட்டக்காரர்களை வளர்க்க நடத்திய அணி, நிர்வாகத்தில் சாம் போலாக், கூடவே ஸ்காட்டி போமன். போமன் பிற்பாடு பயிற்சியாளராக ஒன்பது ஸ்டான்லி கோப்பை (வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்ஹெச்எல்லின் பட்டம்) வாங்கியவர், அதை நினைத்துப் பார்த்தால்தான் எதிரே இருந்தது எப்படிப்பட்ட இடம் என்று புரியும். ஏழு ஆட்டத் தொடர் ஏழாவது ஆட்டம் வரைக்கும் போய், ரெஜைனாவில் 3-2 என்று பாம்பர்ஸ் முடித்தது. கேப்டன் டெட் ஹேம்ப்சன், பயிற்சியாளர் பாபி கர்க்.

இதைச் சொன்னால் எல்லோரும் "சின்ன ஊர், பெரிய மனசு" என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மனசு எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. இந்த ஊரில் கூடுதலாக இருந்தது ஹட்சன் பே மைனிங் அண்ட் ஸ்மெல்ட்டிங் கம்பெனி. செம்பும் துத்தநாகமும் எடுக்கிற சுரங்கம், உருக்காலை எல்லாம் அவர்களுடையது. ஹாக்கி ஆடத் தெரிந்த பையன் வந்தால் அவனுக்குக் கம்பெனியில் வேலை உண்டு, பயிற்சி நேரம் வந்தால் வேலையிலிருந்து விட்டுவிடுவார்கள். பிரெய்ரி ஊர்களில் வேறு எந்த அணியால் பதினெட்டு வயதுப் பையனுக்குச் சம்பளத்தோடு வேலை தர முடியும்? பாம்பர்ஸ் எழுந்ததும் கம்பெனியால்தான், பிறகு இறங்கியதும் பணத்தால்தான் என்பது என் கருத்து. மறுக்கிறவர்கள் வரலாம்.

ஸ்காபரோ பெடியன்:

வணக்கம் அண்ணை, இந்த அணியைப் பற்றித் தமிழில ஒருத்தர் எழுதுவார் எண்டு நான் நினைக்கவே இல்லை. எங்கட பக்கம் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அழுகையைத் தாண்டி ஒருத்தரும் ஹாக்கி கதைக்கிறதில்லை.

இந்த அணியில ஆடின பாபி கிளார்க்கைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்கோ. அவருக்குச் சின்ன வயசிலயே இன்சுலின் போடுற சக்கரை வியாதி இருந்தது எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். எங்கட ஆக்களுக்குச் சக்கரை வியாதி எண்டால் உடனே பிள்ளையை விளையாட்டில இருந்து நிப்பாட்டிப் போடுவினம், அதனாலதான் கேக்கிறன்.

வடக்குக்காற்று:

தம்பி, அவரைப் பற்றி எழுதாமல் இந்த இழையை நடத்தவே முடியாது.

கிளார்க் பிறந்ததே ஃப்ளின் ஃப்ளானில், 1949ல். பதின்வயது தொடங்கும்போதே டைப் 1 நீரிழிவு இருப்பது தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அதே கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே பாம்பர்ஸுக்கு ஆடினார். 1967-68 பருவத்தில் 59 ஆட்டத்தில் 51 கோல், 117 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்கு வழி செய்த பாஸ்), மொத்தம் 168 புள்ளி. அடுத்த பருவமும் 51 கோல், 137 புள்ளி. இப்படிப்பட்ட ஒருவரை 1969 டிராஃப்டில் (என்ஹெச்எல் கிளப்புகள் ஜூனியர் பையன்களை முறைவைத்து எடுக்கிற தேர்வு) முதல் சுற்றிலேயே அடித்துப்பிடித்து எடுத்திருக்க வேண்டும். ஆனால் எல்லா கிளப்பும் நீரிழிவைப் பார்த்துப் பயந்தது. ஒரு பருவம் முழுக்கத் தாங்குவானா, விமானத்தில் ஊர் ஊராகப் போகும்போது ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றெல்லாம்.

அப்போது பாம்பர்ஸ் பயிற்சியாளராக இருந்தவர் பேட் ஜினெல். அவர் கிளார்க்கை அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அங்கே பரிசோதித்த மருத்துவர்கள் உடம்பைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் இவர் தொழில்முறை ஹாக்கி ஆடலாம் என்று சொன்னதை ஜினெல் கிளப்காரர்களிடம் காட்டினார். அப்படியும் முதல் சுற்றில் யாரும் எடுக்கவில்லை. ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ்கூட முதல் வாய்ப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாம் சுற்றில் 17வது ஆளாகத்தான் எடுத்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். 15 பருவம், 1,144 ஆட்டம், 1,210 புள்ளி, மூன்று தடவை லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது, கேப்டனாக 1974லும் 1975லும் ஸ்டான்லி கோப்பை. ஆகவே உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் பிள்ளையை நிறுத்துங்கள், சித்தப்பா சொன்னார் என்பதற்காக வேண்டாம்.

மட்டையடி:

எல்லாம் சரி, ஆனால் கதையை ரொம்ப அழகாகச் சொல்கிறீர்கள். கம்பெனி வேலை கொடுத்தது, ஊர் ஆதரித்தது, எல்லாம் சுபம். அந்த அணி எப்படி ஆடியது என்பதை யார் சொல்வது? ஜினெல் காலத்துப் பாம்பர்ஸ் என்றால் மேற்குப் பகுதியில் எதிரணிகளுக்கு வயிற்றைக் கலக்கும். அடி, இடி, குச்சி வெட்டு. 1969லும் 1970லும் மேற்குக் கனடா லீக் பட்டத்தை அவர்கள் ஜெயித்ததில் திறமைக்குப் பாதிப் பங்கு என்றால் மீதிப் பங்கு பயத்துக்கு.

1969ல் அந்த லீக் தேசிய சங்கத்தோடு சண்டை போட்டு வெளியே இருந்ததால் மெமோரியல் கோப்பைக்குப் போக முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒன்டாரியோவின் செயின்ட் தாமஸ் பேரன்ஸோடு தனியாக ஒரு கிழக்கு-மேற்குத் தொடர் வைத்தார்கள். அடிதடி முற்றி, பேரன்ஸ் பாதியில் "நாங்கள் ஆட மாட்டோம்" என்று ஊருக்குக் கிளம்பிவிட்டது. எதிரணி ஓடிப்போய்க் கிடைத்த பட்டத்தை எப்படிப் பெருமையாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கிளார்க்கையே எடுங்கள். 1972ல் சோவியத் அணியோடு நடந்த தொடரின் ஆறாவது ஆட்டத்தில் வேலரி கர்லாமோவின் கணுக்காலில் குச்சியால் ஓங்கி வெட்டினாரே, அதை எந்த ஊரில் கற்றுக்கொண்டார்? கம்பெனியைப் பாராட்டுகிறவர்கள் இதற்கும் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும்.

வடக்குக்காற்று:

மட்டையடி, வெட்டை நான் மூடி மறைக்கவில்லை. கர்லாமோவுக்கு நடந்தது அசிங்கம்தான். ஆனால் "பாதி பயம்" என்பது கணக்கில் வராது. அடித்தே ஜெயித்த அணிக்கு ஒரு பருவத்தில் 117 அசிஸ்ட் போடுகிற சென்டர், அதாவது நடு முன்கள ஆட்டக்காரன், எங்கிருந்து வருவான்? அடிக்கிற அணிகள் அந்த லீகில் நிறைய இருந்தன, அவர்களில் யாருக்கும் கிளார்க், லீச் மாதிரி இருவர் கிடைக்கவில்லை. இன்னொன்று, ஜினெல் வெளியிலிருந்து வந்து இறங்கிய ஆள் இல்லை, 1957ல் கோப்பை வாங்கிய அணியிலேயே ஆடியவர். பயிற்சியில் பையன்களின் உயிரை எடுப்பார் என்பதும் உண்மை, அவர்களுக்காக மருத்துவமனை வரைக்கும் அலைந்தார் என்பதும் உண்மை.

ஓரப்பலகை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ரெஜி லீச் பெயர் வந்ததும் எழுத வேண்டியதாகிவிட்டது. கிளார்க் கதையை எல்லோரும் சொல்வார்கள். லீச் கதைதான் இந்த அணியின் வரலாற்றில் கனமான பகுதி.

லீச் ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்தவர். மனிடோபாவில் ரிவர்டன் என்ற சின்ன ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். மற்ற பையன்களோடு ஒப்பிட்டால் ஸ்கேட்டில் ஏறியதே தாமதம், அதுவும் யாரோ கொடுத்த, காலுக்குப் பொருந்தாத ஸ்கேட். பதினாறு வயதுவாக்கில் ஃப்ளின் ஃப்ளான் வந்து பாம்பர்ஸில் கிளார்க்குக்குப் பக்கத்தில் விங்கில் (ஓர முன்களத்தில்) நிறுத்தப்பட்டார். 1967-68ல் 59 ஆட்டத்தில் 87 கோல். கிளார்க்கின் அந்த 117 அசிஸ்டில் பெரும்பகுதி எங்கே போனது என்று இப்போது தெரிகிறதா? ஒருவர் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தோண்டி எடுத்துக் கொடுப்பார், இன்னொருவர் யோசிக்காமல் வலைக்குள் அடிப்பார். இந்த ஜோடியைத் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவதே தப்பு என்று நான் நினைக்கிறேன்.

1970 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக பாஸ்டன் எடுத்தது, அங்கே சரியாக இடம் கிடைக்கவில்லை, கலிஃபோர்னியா அணிக்கு அனுப்பிவிட்டார்கள். 1974ல் அவரை ஃப்ளையர்ஸுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கிளார்க்கே நிர்வாகத்திடம் பேசினார். வந்த முதல் பருவத்திலேயே கோப்பை. அதற்கு அடுத்தது 1975-76, அந்தப் பருவத்தில் 61 கோல், பிளே ஆஃபில் 16 ஆட்டத்தில் 19 கோல், பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து. இறுதித் தொடரில் மாண்ட்ரியலிடம் ஃப்ளையர்ஸ் தோற்றது, ஆனாலும் பிளே ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது லீச்சுக்கு. கோலி (கோல் காப்பவர்) அல்லாத ஒருவர் தோற்ற அணியிலிருந்து அந்த விருதை வாங்குவது அதற்குப் பிறகு 2024ல் கானர் மெக்டேவிட் வரைக்கும் நடக்கவே இல்லை. 48 வருடம்!

மறுபக்கம் குடி. சின்ன வயதிலேயே ஆரம்பித்தது, ஆட்ட வாழ்க்கை நெடுகக் கூடவே வந்தது. இதை அவரே பல மேடைகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பிறகு குடியை விட்டுவிட்டு, பழங்குடிக் குடியிருப்புகளில் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஹாக்கி சொல்லிக் கொடுப்பதையே வேலையாக வைத்துக்கொண்டார். வீட்டை விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு சுரங்க ஊருக்குப் பதினாறு வயதுப் பையனை அனுப்புகிறோம், கையில் சம்பளம், சுற்றிலும் பெரிய ஆண்கள், அதில் அவன் பழங்குடிப் பையன் வேறு. வடக்குக்காற்று சொல்கிற "வேலை கொடுத்த கம்பெனி" என்ற வாக்கியத்துக்குள் இதுவும் இருக்கிறது. மட்டையடி பனித்தரையில் நடந்த அடியை மட்டும் பார்க்கிறார், எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

வடக்குக்காற்று:

ஓரப்பலகை சொன்னதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. கம்பெனி ஒன்றும் தர்மத்துக்குச் செய்யவில்லை. குளிர்காலத்தில் எங்கேயும் போக வழியில்லாத ஊரில் ஆட்களை வேலையில் தக்கவைக்க ஒரு நல்ல அணி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இன்னும் பழைய பெயர்களும் உண்டு. அணி தொடங்கியது 1927ல், அந்தக் காலத்தில் பெரியவர்கள் அணியும் இதே பெயரில் ஆடியது. டெட்ராய்ட்டில் கோர்டி ஹோவோடு ஒரே வரிசையில் சென்டராக ஆடிய சிட் ஏபல் 1937-38ல் பாம்பர்ஸில்தான் இருந்தார். சிகாகோவின் எரிக் நெஸ்டெரென்கோ பிறந்த ஊரும் இதுவே. கிளார்க்குக்குப் பிறகும் வரிசை நிற்கவில்லை: 1971 டிராஃப்டில் ஜீன் கார் நாலாவது, சக் ஆர்னசன் ஏழாவது, 1973ல் பிளேன் ஸ்டௌட்டன் ஏழாவது. இவ்வளவு பேரும் ஒரே ஊர் அரங்கிலிருந்து.

ஸ்காபரோ பெடியன்:

அப்ப இவ்வளவு நல்ல அணி ஏன் இப்ப பெரிய லீக்கில இல்லை? நான் பார்த்த அட்டவணையில சஸ்காச்சுவான் லீக் எண்டு கிடக்குது. ஊர் மனிடோபாவில எல்லோ?

வடக்குக்காற்று:

இங்கேதான் பணம் வருகிறது. 1960களின் பிற்பாதியில் மேற்குக் கனடா லீக் தொடங்கி, மெல்ல மெல்லப் பெரிய நகரங்களின் லீக்காக மாறிவிட்டது. அதுதான் இன்றைய டபிள்யூஹெச்எல் (வெஸ்டர்ன் ஹாக்கி லீக்). பயணச் செலவு ஏறியது, வின்னிபெக், கால்கரி, போர்ட்லேண்ட் மாதிரி இடங்களோடு போட்டி போட வேண்டியிருந்தது. சுமார் 2,000 பேர் கொள்ளும் அரங்கை எல்லா இரவும் நிரப்பினாலும் கணக்கு ஒட்டவில்லை. ஜினெலும் 1970களின் நடுவுக்கு முன்பே விக்டோரியாவுக்குப் போய்விட்டார். 1978ல் அணியின் உரிமம் எட்மன்டனுக்குப் போனது. அங்கே ஒரே ஒரு பருவம். அடுத்து மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸ், அங்கே பாதிப் பருவத்தில் மூடினார்கள். பிறகு ஸ்போக்கேன், அதுவும் 1981 முடிவில் நின்றுபோனது. ஃப்ளின் ஃப்ளானில் பிழைக்காது என்று எடுத்துப் போன உரிமம் மூன்று ஊரில் மூன்றரை வருடத்தில் செத்தது. கொஞ்சம் குரூரமான திருப்தி எனக்கு இதில் உண்டு.

பெயர் மட்டும் ஊரிலேயே தங்கியது. சில வருடம் வட்டார அளவில் ஆடிவிட்டு 1984ல் சஸ்காச்சுவான் ஜூனியர் லீகில் சேர்ந்தார்கள். இது ஜூனியர் ஏ, அதாவது டபிள்யூஹெச்எல் மாதிரியான பெரிய ஜூனியருக்கு ஒரு படி கீழே. ஊர் எல்லையில் இருப்பதாலும் ஆட வேண்டிய அணிகளெல்லாம் அந்தப் பக்கம் இருப்பதாலும் அந்த லீகில் இருக்கிற ஒரே மனிடோபா அணி இதுதான். 1993ல் லீக் கோப்பை. 2001ல் ஜூனியர் ஏ தேசியப் போட்டியே இந்த ஊரில் நடந்தது, பாம்பர்ஸ் இறுதி வரைக்கும் போய் ஆல்பர்ட்டாவின் காம்ரோஸிடம் தோற்றார்கள்.

மட்டையடி:

கம்பெனிதான் எல்லாம் என்றால், கம்பெனி போனபிறகு அணி ஏன் இன்னும் இருக்கிறது? உருக்காலையை 2010ல் மூடினார்கள். கடைசியாக இருந்த 777 சுரங்கத்தை 2022ல் மூடினார்கள். உங்கள் வாதப்படி அதோடு பாம்பர்ஸும் போயிருக்க வேண்டும். ஆனால் அதே 2022ல் லீக் இறுதிப்போட்டி ஆடினார்கள் (எஸ்டெவனிடம் தோல்வி), 2023லும் ஆடினார்கள் (பேட்டில்ஃபோர்ட்ஸிடம் தோல்வி). சுரங்கம் மூடிய ஊரில் இது எப்படி?

வடக்குக்காற்று:

நல்ல கேள்வி, இதற்குத்தான் காத்திருந்தேன். அணி இப்போது ஊர்ச் சொத்து. தனி முதலாளி கிடையாது, ஊர்க்காரர்களே குழு அமைத்து நடத்துகிறார்கள், டிக்கெட், லாட்டரி, விருந்து என்று வைத்துச் சேர்க்கிற காசில் பஸ் ஓடுகிறது. வெளியூர்ப் பையன்களை ஊர்க் குடும்பங்கள் வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுகின்றன. இவ்வளவு வருடமாகக் கம்பெனி செய்த வேலையை ஊர் பங்கு போட்டு எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1957 மாதிரி நாட்டையே ஜெயிக்க இது போதாது, லீகில் தலை நிமிர்ந்து நிற்கப் போதும்.

அப்புறம் அந்த அரங்கு, விட்னி ஃபோரம். பிளே ஆஃப் நேரத்தில் ரசிகர்கள் மூஸ் மானின் காலைக் குளம்போடு பனித்தரையில் வீசுவார்கள். வேட்டையாடுகிற ஊர், வீட்டு ஃப்ரீசரில் இருக்கும், எடுத்து வருகிறார்கள். டெட்ராய்ட்டில் ஆக்டோபஸ் வீசுவதை டிவியில் பார்த்துச் சிரித்தவர்கள் இதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். எதிரணி கோலி முகத்தைப் பார்க்க வேண்டும் குறிப்பாக.

ஓரப்பலகை:

பஸ் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். இந்த லீகில் பஸ்தான் பாதி வாழ்க்கை. ஃப்ளின் ஃப்ளானுக்கு "பக்கத்து" அணி என்றாலே மணிக்கணக்கில் இருட்டில் காட்டு ரோடு, தெற்கே எஸ்டெவன் என்றால் கேட்கவே வேண்டாம், அமெரிக்க எல்லைக்கே போகிற மாதிரி. 1986 டிசம்பரில் டபிள்யூஹெச்எல்லின் ஸ்விஃப்ட் கரன்ட் அணியின் பஸ் கவிழ்ந்து நாலு பையன்கள் இறந்தார்கள். 2018 ஏப்ரல் 6ல் ஹம்போல்ட் பிராங்கோஸ் பஸ், நிபாவினுக்கு ஆடப் போகும் வழியில், நிறுத்தக் குறியை மதிக்காமல் வந்த லாரியோடு மோதி 16 பேர் இறந்தார்கள். ஹம்போல்ட்டும் பாம்பர்ஸும் ஒரே லீக், அவர்களுக்கு எதிராக அதே பருவத்தில் ஆடிய பையன்கள் ஃப்ளின் ஃப்ளானில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சஸ்காச்சுவானில் கனரக லாரி ஓட்டுநருக்கு 121.5 மணிநேரப் பயிற்சி கட்டாயமானது. 2019 மார்ச்சில். அதுவரைக்கும் கட்டாயமே இல்லை என்பதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஸ்காபரோ பெடியன்:

2025 மே மாசம் காட்டுத்தீ வந்து முழு ஊரையும் வெளியேத்தினது இந்த ஊர்தானே? செய்தியில பார்த்த ஞாபகம்.

வடக்குக்காற்று:

ஆமாம் தம்பி, இதே ஊர்தான். ஏறத்தாழ 5,000 பேரையும் வெளியே அனுப்பினார்கள். ஊர் தப்பித்தது, ஆனால் கொஞ்சம் தள்ளி சஸ்காச்சுவான் பக்கம் இருக்கிற டெனார் பீச்சில் நிறைய வீடுகள் எரிந்துபோயின.

மட்டையடி:

சரி, கடைசியாக ஒன்று. தீயைத் தாண்டிவிட்டார்கள், சுரங்கம் மூடியதையும் தாண்டிவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி விதி மாறியதைத் தாண்டுவார்களா? இதுவரைக்கும் டபிள்யூஹெச்எல் மாதிரி பெரிய ஜூனியரில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்கு அனுமதி கிடையாது. அதனால் படிப்பும் வேண்டும் ஹாக்கியும் வேண்டும் என்கிற நல்ல பையன்கள் ஜூனியர் ஏ பக்கம் வந்தார்கள். 2025 ஆகஸ்ட் முதல் அந்தத் தடை போய்விட்டது. இனி அந்தப் பையன் எதற்கு ஃப்ளின் ஃப்ளான் வரை வர வேண்டும்?

வடக்குக்காற்று:

முதல் தரப் பையன்கள் வர மாட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா லீக் 2023லேயே தேசிய அமைப்பை விட்டுத் தனியாகப் போய்விட்டது, அதுவும் ஒரு பக்கம் இழுக்கிறது. ஆனால் டபிள்யூஹெச்எல்லில் இடங்கள் எண்ணி வைத்தவை. அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் அங்கே வந்தால், இதுவரை அங்கே ஆடிக்கொண்டிருந்த பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களில் சிலர் வெளியே தள்ளப்படுவார்கள். அவர்கள் கீழே இறங்கி வருவார்கள். ஆகவே ஜூனியர் ஏ அணிகளுக்கு வயது கூடும், டிராஃப்ட் பெயர்கள் குறையும், ஆட்டம் முரட்டுத்தனமாகும். உங்கள் ரசனைக்கு அது ஒத்துவராது, ஃப்ளின் ஃப்ளான் ரசிகர்களுக்கு நிச்சயம் ஒத்துவரும்.

மட்டையடி:

அதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.